அவன் பாடிய ட்ராக்

இசையமைப்பாளர் என்று இன்றைக்கு என்னைக் கொண்டாடுகிறவர்கள், கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் ரொக் பாண்ட் நடத்திய காலத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள்தான். "உது பாட்டோ, சண்டையோ?" என்று மேல்வீட்டு அன்ரி கேட்பார். நான் கிற்றார், என் நண்பன் பாட்டு. வேர்ஹவுஸில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து தொண்டை கிழியப் பாடுவான். அவன் குரலை நினைத்துத்தான் நான் மெட்டே போடுவேன்.

சென்னையிலிருந்து முதல் பட வாய்ப்பு வந்தபோது அவனைத்தான் பாடவைத்தேன். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. மெட்டைக் காட்ட முதலில் ஒருவர் பாடிவைப்பார். அதுதான் ட்ராக். பிறகு பெயர்பெற்ற பாடகர் ஒருவர் பாடியதும் பழைய குரலை எடுத்துவிடுவார்கள். இதுவும் வெறும் ட்ராக்தான் என்று இயக்குநர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனம்விட்டுப் பாடமாட்டான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமாம், மண்ணாங்கட்டி! அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம், அவ்வளவுதான்.

பாடி முடித்ததும் அழுதுவிட்டான். "மச்சான், அம்மாக்கு இப்ப எல்லாம் மறந்து மறந்து போகுது. அதுக்குள்ள இது நடந்திட்டுது, எனக்கு இதுவே காணும்," என்றான்.

நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மாதங்கள் போயின. படம் ஸ்காபரோவுக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஒரு வரிசை நிறையச் சொந்தக்காரர்களோடு வந்தான். விண்டர் ஜாக்கெட்டுக்குள் பட்டுச்சேலை கட்டிய தாயைச் சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலிலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பாட்டுத் தொடங்கியது. வேறு குரல். ஆனால் ஒவ்வொரு இழுப்பும் நிறுத்தமும் அவனுடையவை. அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாடகர் படித்திருந்தார். சொந்தக்காரர்கள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தாய் மட்டும் அவன் கையைப் பிடித்தார்.

"என்ர பிள்ளை! எவ்வளவு வடிவாப் பாடியிருக்கிறாய்!"

"ஓம் அம்மா," என்றான்.

வெளியே அவனிடம் போனேன். என்னைப் பார்க்காமலே, "அம்மாக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை," என்றான். அதுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு எத்தனையோ படம் செய்துவிட்டேன். கிற்றாரை மட்டும் கையில் எடுப்பதில்லை.

அவனுடைய அம்மா மட்டும் இடைக்கிடை போன் எடுப்பார். "தம்பி, அடுத்த படத்தில என்ர பிள்ளை எப்ப பாடுறான்?"

"கெதியில அன்ரி," என்பேன்.

எண்களை அழுத்த அவருக்கு இப்போது தெரியாது. ஒவ்வொரு முறையும் அழுத்திக் கொடுப்பவன் அவன்தான்.