உறை பிரிக்காத இருக்கை

எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பாலிதீன் உறைக்குள்தான் இருக்கிறது. உறை மங்கி எண்கள் தெரியாமல் போய்விட்டன; குத்துமதிப்பாக அழுத்திப் பழகிவிட்டோம். சோபாவுக்கும் உறை உண்டு. கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டை யாராவது பெரிய மனிதர் வரும்போது எடுப்பதாக ஏற்பாடு. இதுவரை வந்தவர்கள் யாரும் அந்த அளவுக்குப் பெரிய மனிதர்களாக இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இலஞ்சியில் நான் பார்க்கப் போன ஸ்போர்ட்ஸ் கார்.

தென்காசியில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை வாங்க இலஞ்சியிலிருந்து வருகிற ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர், மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டே, "வண்டியக் கொடுத்துரலாம்னு பாக்கேன்" என்றார். ரிட்டயர்டான புதிதில் கொச்சியில் வாங்கியது. சிவப்பு நிறம், மடங்குகிற கூரை, இரண்டே இருக்கை. நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. என் அரும்பு மீசைக் காலத்திலிருந்து நான் ஆசைப்பட்ட ஜாதி வண்டி. அன்று இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். "ரெண்டு சீட்டுதானாப்பா? நாங்க வந்தா எங்க உக்கார?" என்றாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கார் என்பது ஒருவர் வாங்குவதே தவிர, ஒருவருக்குச் சொந்தமானது அல்ல. குற்றாலச் சீசன் வந்தால் எங்கெங்கோ இருக்கும் சொந்தங்களெல்லாம் குளிக்க வந்துவிடும். எண்ணெய்ப் பாட்டிலும் ஈரத் துண்டுமாக அத்தனை பேரையும் அடைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவதற்குத்தான் கார். இரண்டு இருக்கை வண்டி வாங்குவது, யாரும் வராதீர்கள் என்று போர்டு மாட்டுவதற்குச் சமம்.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "வீட்டுல ரெண்டு பேருதான இருக்கோம்" என்றாள்.

உண்மைதான். மகள் வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். ஆனாலும் அதை மனைவி சொல்லிக் கேட்டபோது எனக்கு வலித்தது.

முதல் நாள் என் மெக்கானிக் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வேண்டாம் அண்ணாச்சி. ஓட்டாமலே போட்டு டயரு, ரப்பரு எல்லாம் இறுகிப் போச்சு. டயர மாத்தாம வேகமா போயிராதீங்க" என்று சொல்லியிருந்தான். அதனால் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

தென்னந்தோப்பு ஓரம் ஷெட். இன்ஜினியர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த படுதாக்களை எடுத்தார். மெக்கானிக் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

இருக்கைகளில் கம்பெனி போட்ட பாலிதீன் உறை அப்படியே இருந்தது. ஓட்டுபவர் பக்கம் மட்டும் நைந்து கிழிந்திருந்தது. பக்கத்து இருக்கையில் அது சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. நாங்கள் ரிமோட்டோடும் சோபாவோடும் நின்றுவிட்டோம்.

"மழையில எடுத்தா சேறு. வெயில்ல எடுத்தா பெயிண்ட் மங்கிரும். ரோடு போடட்டும்னு பாத்தேன். போட்டாங்க. பெறவு குழாய் பதிக்கத் தோண்டிட்டாங்க" என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் முருகன் கோயில் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்புவாராம்.

"மைனி இதுல ஏறினதே இல்லையா அண்ணாச்சி?" என்று மனைவி கேட்டாள்.

அவர் மனைவி போன வருடம் இறந்துவிட்டார். நான் மெதுவாக இவள் கையை இடித்தேன். அவர் படுதாவை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவ கேட்டா. மெயின் அருவி வரைக்கும் போயிட்டு வருவமான்னு. சாரல் நிக்கட்டும்னேன்."

வெளியே சாரல் விழத் தொடங்கியது. அவர் சாவியை நீட்டி, "ஓட்டிப் பாருங்க" என்றார்.

எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அந்தச் சிவப்பையும், வாசலில் குழைந்து கிடந்த செம்மண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். "சாரல் அடிக்கே. நிக்கட்டும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள், பக்கத்து இருக்கையின் உறையை ஒரு முனையில் பிடித்துக் கிழித்தாள். கிழிகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவள் உறையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள்.

"கூரையத் தொறங்க" என்றாள் என்னிடம்.

குற்றாலம் வரை மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசியது, வண்டிக்கும் எனக்கும். ரோட்டோரம் பழம் விற்றவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கூரை மூடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். மனைவி முகத்தைத் துடைக்கவே இல்லை. இவளை இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் குடை பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார். சுருட்டிய உறை இன்னும் கையில் இருந்தது. நனைந்து ஊறிப்போன பக்கத்து இருக்கையைக் குனிந்து பார்த்தார்.

"அருவியில தண்ணி விழுதா?"

"கொட்டுது அண்ணாச்சி" என்றாள் மனைவி.

நான் வண்டியை ஷெட்டுப் பக்கம் திருப்பினேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"உள்ள விட வேண்டாம். அப்படியே கொண்டு போயிருங்க."