நான்கு கதவும் ஒரு சும்மாவும்

பேச வேண்டுமென்றால் அவருடைய கால்களோடுதான் பேச வேண்டும். தலை பிரேக் மிதிக்குப் பக்கத்தில், முதுகு கார் தரையில், கால் இரண்டும் இருக்கையின் உச்சியில். "இன்றைக்கு முடிந்துவிடுமா?" என்று கேட்டால் வலது கட்டைவிரல் ஆடும். முடியும் என்று அர்த்தம். "இதற்கு முன்னால் வேறு யாரோ வயரிங்கில் கை வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால், தலையில் அடித்துக்கொள்ள முடியாத குறைக்குப் பாதங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

தெருவில் அவரை ரிலேக்காரர் என்பார்கள். கார்களுக்கு சென்ட்ரல் லாக் போடுவது தொழில். ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும் மறுபேச்சில்லாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் குட்டிச் சுவிட்சான ரிலே ஒவ்வொன்றையும் காதில் வைத்து, மின்சாரம் கொடுத்து, 'டக்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியில் மாட்டுவார். சத்தம் பிடிக்கவில்லையென்றால், "இது முணுமுணுக்குது சார், குடும்பத்துக்கு ஆகாது" என்று ஓரங்கட்டிவிடுவார். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொடி ரெசிஸ்டர்கள் சட்டைப் பையில் சீப்போடு கிடக்கும். சில சமயம் சீப்போடு சேர்ந்து தலைக்கும் ஏறிவிடும்.

என் கார் ஒரே கம்பியில் பூட்டவும் திறக்கவும் செய்கிற ரகம். "நேரா எர்த் ஆனா திறக்கும். நடுவுல இந்தப் பொடியன் நின்னா பூட்டும். அவ்வளவுதான் சார் சூட்சுமம்" என்று ஒரு ரெசிஸ்டரைத் தூக்கிக் காட்டினார். புரிந்ததுபோல் தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

கடைசிச் சோதனைக்கு அவர் மனைவி காருக்குள் ஏறி உட்காருவார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இவர் வெளியே ரிமோட்டை அழுத்த, அந்த அக்கா கதவுக் குமிழ்களைப் பார்த்து "ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு", "பின்னாடி இடது பக்கம் சோம்பேறி" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். அக்கா சரி என்று சொல்லாமல் எந்த வண்டியும் பட்டறையை விட்டு நகராது.

அன்று என் மாமியார் ரயிலில் வந்து இறங்கும் நாள்; என் காரில்தான் அழைத்துவர வேண்டும். சோதனைக்கு அக்கா அதற்குள் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "அக்காவுக்கும் இந்த வேலையெல்லாம் தெரியுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவளா? சும்மா உள்ள உக்காந்திருப்பா சார்" என்றார் ரிலேக்காரர்.

நான்கு கண்ணாடியும் ஏறித்தான் இருந்தன. ஆனாலும் அந்த 'சும்மா' ஏதோ சந்து வழியாக உள்ளே போய்விட்டது. அக்கா ஓட்டுநர் பக்கத்துக் குமிழை ஒரே அழுத்தாக அழுத்தினார். டக். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

இவர் ரிமோட்டை அழுத்தினார். நான்கும் திறந்தன. இவர் கை கைப்பிடிக்குப் போவதற்குள் உள்ளே விரல் இறங்கியது. டக். பின்கதவுக்கு ஓடினார். அங்கேயும் டக். ஒரு கதவாவது மக்கர் பண்ணியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். பாழாய்ப்போன வேலை அவ்வளவு சுத்தம். பேட்டரி வயரையாவது கழற்றலாமென்றால், பானட்டைத் திறக்கிற பிடி அக்காவின் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"ஏம்மா, ரிலே சூடாயிடும்!"

"ஆகட்டும். நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"சாருக்கு நேரமாகுதும்மா."

"சாரும் கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாமியாரை நினைத்து மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ரிலேக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு ரெசிஸ்டர் உதிர்ந்தது. என் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமி, "கம்பி இழுக்குறதுதான் சார் நான். சரியா இருக்கான்னு சொல்றது அவதான்" என்று முனகினார்.

"கேக்கல" என்றது உள்ளேயிருந்து குரல்.

கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"எனக்குக் கேட்டுச்சு. தெருவுக்குக் கேக்கல."

எதிர்த்த கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். ரிலேக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார்: "இவ பாக்காம இங்கேருந்து ஒரு வண்டியும் போகாது! அந்த வெள்ளை வேன்ல நான் கம்பிய மாத்திக் குடுத்துட்டேன், கண்டுபிடிச்சது இவதான்! வேன்காரர்கிட்ட எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்!"

வேன் விஷயத்தை யாருமே கேட்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. எனக்கு அவரைச் சட்டென்று பிடித்துப்போனது.

டக். நான்கு குமிழும் ஒன்றாக மேலே வந்தன.

ரிலேக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மனைவி இறங்கும்போது தலை இடித்துவிடக் கூடாதென்று கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அக்கா இறங்காமல், அந்தக் கையை அண்ணாந்து பார்த்தார்.

"கையெல்லாம் கிரீஸ்."

அவர் கையை இழுத்து, முன்னும் பின்னும் சட்டையிலேயே அழுத்தித் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.