பாலைவனத்துல ஓட்டுன கை

என் தாய்மாமா சவுதியிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஆளுக்கொரு எதிர்பார்ப்பு. மாமா நாலு ஏக்கர் மிளகாய்க் காடு வாங்குவார் என்று என் அப்பா, நாங்கள் அழைப்பது அய்யா, நினைத்தார். முதல் வேலையாகப் பெண் பார்க்கச் சொல்வார் என்று அம்மா நினைத்தாள். எனக்கு ரிமோட் ஹெலிகாப்டர் உறுதி என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மாமா எங்கள் மூவரையும் பாரபட்சம் இல்லாமல் ஏமாற்றினார். ஒரு பழைய ஜீப் வாங்கினார்.

“அக்கா, ஃபோர் வீலு. நாலு சக்கரமும் இழுக்கும்,” என்று அம்மாவிடம் போனில் சொன்னார். அன்று சாயங்காலம் அந்த ஜீப்பை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது.

மலைமேல் ஏதோ எஸ்டேட் முதலாளி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுத்துப்போன வண்டி என்று புரோக்கர் சொன்னாராம். பின்சீட்டைத் தூக்கினால் கோழி இறகு. கோழியும் கூடவே சர்ச்சுக்குப் போயிருக்கும் என்று அய்யா சொன்னார். பச்சை பெயிண்டைச் சுரண்டினால் நீலம் வந்தது, நீலத்தைச் சுரண்டினால் துரு வந்தது, துருவைச் சுரண்டினால் தரை தெரிந்தது. அப்படி ஒரு ஓட்டை சரியாக நான் உட்காரும் இடத்துக்குக் கீழே இருந்தது. அதன் வழியாக ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். புளியங்கொட்டை போடலாம். அதை அடைக்கக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பரமக்குடி மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, ரொம்ப நேரம் தட்டித் தட்டிப் பார்த்து, வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, இத எதுக்கு வாங்குனீக?”

“மணல்ல ஓட்டத்தான்.”

“அப்ப மணல்லயே விட்டுட்டு வந்துருங்க.”

மாமா அசரவில்லை. “இது பாலைவனத்துல ஓட்டுன கை,” என்று வலது கையை நீட்டினார். அந்த மணிக்கட்டில் மூன்று மூலையாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அங்கே அடிக்கிற வெயிலில் ஸ்டியரிங்கே அப்படிச் சுடுமாம். ஆறு வருஷம் அரபிகளை ஏற்றிக்கொண்டு பனைமர உயர மணல்மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறார். ஒருமுறை மணல் புயலில் மூன்று நாள் வண்டிக்குள்ளேயே இருந்து வெறும் பேரீச்சம்பழம் தின்றிருக்கிறார். இதையெல்லாம் நான் மறுநாளே வகுப்பில் ஒப்பிப்பேன், நாலாவது நாளையும் நானே சேர்த்து.

மாமாவுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அயர்ன் பண்ணுவதில் அவரை அடிக்க ஆளில்லை. என் யூனிஃபார்ம் பாவாடை மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும், அவ்வளவு கூர்மை. பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லாம் ரொம்பச் சுத்தக்காரர்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பை வைத்து வாழ்வது என்பது வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பது மாதிரி. செல்ஃப் எடுக்காது, அதனால் எப்போதும் கண்மாய்க் கரைச் சரிவில்தான் நிற்கும். கல்லை எடுத்துவிட்டால் உருண்டு ஸ்டார்ட் ஆகும். சமதரையில் எஞ்சினை அணைத்துவிட்டால் தெருவே வந்து தள்ள வேண்டும். பானெட் பூட்டு கிடையாது, வலைக்கயிறு கட்டியிருந்தது. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று யாரோ சொன்ன யோசனையில் மாமா மஞ்சள்தூளைக் கொட்டினார். ஒழுகல் நின்றது. ஆனால் வண்டி சூடானால் தெருவெல்லாம் குழம்பு வாசம் வரும். அம்மா மஞ்சள் டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஃபோர் வீலுக்குத் தனியாக ஒரு குட்டி கியர் உண்டு. அதன் குமிழ் எப்போதோ தொலைந்துபோய் வெறும் கம்பி நின்றது. மாமா என்னைக் கேட்காமல் என் பொம்மையின் தலையைக் கழற்றி அதில் செருகிவிட்டார். ஒரு நாள் அழுதேன். அப்புறம், அந்தத் தலையை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று தெரிந்ததும் எனக்கே கெத்தாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் பெண் அமைந்தது. சாயல்குடிக்காரர்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஐஸ் வியாபாரம். கரையோர ஊர்களுக்கு மினி லாரியில் ஐஸ்கட்டி கொண்டுபோய் இறக்குவார். நான் அவரை ஐஸ் தாத்தா என்பேன். ஒரே மகள். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு லாரியில் சுற்றியவள், அப்போது காலேஜ் முடித்திருந்தாள். மாமாவும் நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த அக்காவுக்குச் சம்மதம். மாமாவுக்கு, கேட்கவே வேண்டாம், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே வெறும் வாயை மென்று முழுங்கினார். ஐஸ் தாத்தாதான் பிடி கொடுக்கவில்லை. மாமாவைத் தம்பி, தம்பி என்று மரியாதையாகப் பேசினாரே தவிர, தேதி என்று ஆரம்பித்தால் மோர் குடிக்கச் சொன்னார். வெளிநாட்டு வேலையையும் விட்டுவிட்டு, தள்ளிவிட்டால்தான் ஓடும் ஜீப்போடு நிற்கிறவனுக்கு ஒரே மகளைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மாரியூர்க் கரையில் அவருடைய லாரி மணலில் கொஞ்ச தூரம்தான் போகும். அதற்கப்புறம் ஐஸ் தலைச்சுமைதான், மீன்பிடி வள்ளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி தண்ணீர்.

“தார் ரோடு முடியிற எடத்துல இருந்து வள்ளம் கெடக்குற எடம் வரைக்கும் தம்பி ஜீப்புல போயிட்டு வரட்டும். வந்துட்டா ஐஸ் ஓட்டமும் அவருக்குத்தான், எம் பொண்ணும் அவருக்குத்தான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியூரில் கூடினோம். மாமா வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். நான் பின்சீட்டில் என் ஓட்டைக்கு மேலே. அம்மா முறுக்குத் தூக்கோடு எனக்கு ஒரு பக்கம். தார் ரோட்டு முனையில் இருந்த டீக்கடையில் அய்யாவும் ஐஸ் தாத்தாவும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். புறப்படும்போது ஐஸ் தாத்தா மகளைப் பார்த்து, “நீயும் ஏறுத்தா. நாளைக்கு மாட்டுனா மாட்டப்போறது நீதான்,” என்றார். அந்த அக்கா ஏறி எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள்.

மாமா பொம்மைத் தலையை ஸ்டைலாக அழுத்தினார். ஜீப் மணலில் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நூறு அடி நாங்கள் ராஜாக்கள். மணல்மேடு ஒன்றைத் தாண்டினோம். வள்ளங்களை வரிசையாக ஏற்றிப் போட்டிருந்தார்கள். மாமா அவற்றைச் சுற்றி வட்டமடித்துத் திரும்பினார், திரும்பிய இடத்தில் வண்டி முனகியது, நின்றது. மாமா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்னும் மிதித்தார். சாதாரண வண்டி என்றால் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் புதையும். எங்களுடையது ஃபோர் வீல். நாலும் புதைந்தன.

மேடும் வள்ளங்களும் மறைத்ததால் டீக்கடையிலிருந்து எங்களைப் பார்க்க முடியாது. ஆனால் சத்தம் கேட்கும். குழம்பு வாசம் வர ஆரம்பித்தது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “என்னண்ணே, கெணறு தோண்டுறீகளா?” என்று கேட்டார்.

மாமாவின் போன் அடித்தது. ஐஸ் தாத்தா. ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன தம்பி, சத்தம் மட்டும் வருது, வண்டியக் காணோம்?”

“பிள்ளைக்குக் கடலக் காட்டிக்கிட்டு இருக்கேங்க.”

நான் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

மாமா இறங்கி நாலு சக்கரத்தையும் பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தார். கையால் கொஞ்சம் மணலை அள்ளினார், அள்ளிய இடத்தில் வேறு மணல் வந்து நிரம்பியது. வேர்த்து, அந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. மறுபடி ஏறப்போனார், இன்னும் வேகமாக மிதிப்பதற்கு. எஞ்சின் வேறு சூடேறிக்கொண்டிருந்தது. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அம்மா முறுக்குத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏலே, பாலைவனத்துல இப்படி ஆனா என்னடா செய்வீக?” என்று மெதுவாகக் கேட்டாள். மாமா கூலிங் கிளாஸைச் சட்டையில் துடைத்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பரீட்சை ஹாலில் ஒன்றுமே படிக்காமல் வந்த பையன் முகம்.

அப்போது அந்த அக்கா இறங்கினாள், பின்னாலேயே நானும் அம்மாவும். பக்கத்தில் நின்ற கருவேலஞ்செடியில் தடித்த முள்ளாகப் பார்த்து ஒன்றை ஒடித்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, காற்று வால்வின் மூடியைத் திருகிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முள்ளை வால்வுக்குள் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று வெளியே போனது.

நான் அலறிவிட்டேன். மாமா உயிரைக் கொடுத்து வைத்திருக்கும் டயரை இவள் பஞ்சர் ஆக்குகிறாள். அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்த அக்கா அடுத்த சக்கரத்துக்குப் போனாள். நாலு டயரும் பாதியாகச் சப்பி, மணலில் யானைக்கால் மாதிரி அகலமாக உட்கார்ந்தன. நாலு மூடியும் என் உள்ளங்கையில்.

“டயரு அகலமானா மணல்ல புதையாது. இப்ப எடுங்க. முன்னாடி வேணாம், வந்த தடத்துலயே பின்னாடி எடுங்க. மிதிக்காதீக.”

மாமா அவள் சொன்னபடியே செய்தார். ஜீப் ஒருமுறை குலுங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி குழியிலிருந்து பின்னால் ஏறி வந்தது. வலை பின்னியவர், “கெணத்த மூடிட்டுப் போங்கண்ணே,” என்றார்.

தார் ரோட்டு முனைக்கு வந்து நின்றோம். அய்யா எழுந்து நின்று சிரித்தார். ஐஸ் தாத்தா சிரிக்கவில்லை. நேராக வந்து சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். சப்பிய டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“காத்த யாரு எறக்குனா?”

மாமா தொண்டையைச் செருமினார், செருமியதோடு சரி. நான் கையை நீட்டி விரித்தேன். நாலு மூடி. இந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சொல்கிறவர்களுக்குத்தான் எங்கள் பள்ளியில் பேட்ஜ் கொடுப்பார்கள்.

“இந்த அக்காதான்...” என்று ஆரம்பித்தேன். தொடையில் அம்மா கிள்ளிய கிள்ளு, மிச்ச வார்த்தை வரவில்லை.

“நான்தாம்ப்பா எறக்குனேன்,” என்றாள் அந்த அக்கா. “அவுக எறக்கச் சொன்னாக. பாலைவனத்துல அப்படித்தான் செய்வாகளாம்.”

இப்படி ஒரு பச்சைப் பொய்யை நான் அதுவரை நேரில் கேட்டதில்லை. ஐஸ் தாத்தா மகளைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் அந்த முள் இருந்தது. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

“பாலைவனத்துலயும் கருவமுள்ளு கெடக்கா மாப்ள?”

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கெடக்கு மாமா. நெறையக் கெடக்கு.”

அம்மா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மணல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அய்யா ஏன் டீக்கடைக்காரரிடம் எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார் என்றும் எனக்குப் புரியவில்லை. காற்றடிக்கப் பம்பு யாரிடமும் இல்லாததால், சாயல்குடி வரை சப்பை டயரோடு மாட்டு வண்டி வேகத்தில் போனோம். யாருக்கும் அதில் கோபம் இல்லை. மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அந்த அக்கா எனக்கு முறுக்கு நீட்டினாள். பொய் சொல்கிறவர்கள் தருவதை நான் தின்ன மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஓட்டை வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஜீப்பிலேயே யோக்கியமான ஒரே ஆள் நான்தான் என்று அவ்வளவு பெருமை.

கல்யாணமாகி அந்த அக்கா எனக்கு அத்தையான பிறகும் பல மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சையில் பாலைவனத் தாவரங்கள் மூன்று எழுதச் சொன்னபோது கள்ளி, பேரீச்சை, கருவேல முள் என்று எழுதினேன். மிஸ் மூன்றாவதை அடித்துவிட்டார். எங்க மாமா நேர்ல பாத்தது மிஸ் என்று சண்டை போட்டு, வகுப்புக்கு வெளியே நின்றேன்.

ஐஸ் ஓட்டம் இன்றும் மாமாவிடம்தான் இருக்கிறது. அவர் சவுதியில் ஆறு வருஷமும் ஒரு சலவைக்கடையில் அரபிகளின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டார் என்பது எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் தெரியும். அதை என்னிடம் சொன்னது அத்தைதான், ஜீப்புக்கு ஆயில் ஊற்றிக்கொண்டே. உங்களுக்கு எப்போது தெரியும், அன்றைக்கு மணலில் மாட்டியபோதா என்று கேட்டேன்.

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும்டி. பஜ்ஜி எடுக்கக் கைய நீட்டுனாகள்ல. ஸ்டியரிங் சுட்டா தழும்பு எங்கயாச்சும் மூணு மூலையா விழுமா?”

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன்.