ஒரு நாளைக்கு ஆறு யூனிட்

மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வரும் அவர், மீட்டர் பெட்டியின் கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்துவிட்டு, எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கிறார். ஒரு முறை தனக்கு, ஒரு முறை வீட்டுக்காரருக்கு. பதிவு செய்து முடித்த பிறகும் உடனே நகர்வதில்லை. யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"அண்ணே, இந்த ஃப்ரிட்ஜ் எவ்ளோ கரண்டு இழுக்கும்?"

முன்பெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். எதைக் காட்டினாலும் குனிந்து அதன் தகட்டில் வாட் எவ்வளவு என்று பார்ப்பார். நிமிரும்போது கணக்கு தயாராக இருக்கும். 'ரீடிங் அண்ணன் சொன்னா சரியா இருக்கும்' என்று நாலு தெருவில் பேச்சு. பிறர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் எரிகிற விளக்குகளை அணைத்துக்கொண்டே நடப்பார். குளியலறைக்குள் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்தவர் என்று மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அந்தக் கேள்விக்கு, "தெரியலம்மா. அளந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்கிறார். அவரை அப்படிச் சொல்ல வைத்தது அவர் வீட்டு ஃப்ரீசர்.

அதை வாங்கியது மனைவி, தன் சொந்தச் சேமிப்பில். ஒரு ஆள் படுக்கலாம் போன்ற நீளம். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடையில் பாதியை அடைத்துக்கொண்டது. பழச்சாற்றை அச்சில் ஊற்றி, குச்சி செருகி, உறைய வைத்து விற்றார். பள்ளி விட்டதும் வாசலில் கூட்டம் மொய்க்கும். "தள்ளாம வாங்க, எல்லாருக்கும் இருக்கு" என்று அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் அதற்கு முன் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். தங்கையின் வியாபாரத்தை அவர் மெச்சப்போக, இவருக்கு எங்கேயோ சுருக்கென்றது. எழுந்து போய் ஃப்ரீசரின் தகட்டைப் பார்த்துவிட்டு வந்தார். இருநூற்றைம்பது வாட். இருபத்து நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு யூனிட், இரண்டு மாதத்துக்கு முந்நூற்று அறுபது.

"இவ ஐஸ் விக்கலை மச்சான். கரண்டை விக்கிறா, அதுவும் நஷ்டத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி பரிமாறிக்கொண்டே, "பில்லு அவ்ளோ ஏறலையேங்க" என்றார்.

"மீட்டர் படிக்கிறது நீயா, நானா?"

அதற்கும் சிரித்தார்கள். மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரமே ஃப்ரீசரைப் பாதி விலைக்கு ஒரு மெக்கானிக் வந்து தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மனைவி மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் வந்ததும் விரல் நுனியில் ஒட்டிய பசையை உரித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மாதம் கழித்துத் தன் வீட்டு மீட்டரை அவரே படித்தார். முந்நூற்று அறுபது குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது தொண்ணூறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எண் மாறவில்லை. உள்ளே வந்து மனைவியிடம், "பாத்தியா, பில்லு குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு என்று மனைவி கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்ட அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் அவருக்குக் காது சுடுகிறது.

மனசு கேட்காமல் மெக்கானிக்கின் கடைக்குப் போனார். ஃப்ரீசர் எப்போதோ விலைபோயிருந்தது. தன் கணக்கைச் சொல்லி, அது ஏன் தப்பியது என்று கேட்டார்.

"அது நிக்காம ஓடுற மெஷின் இல்லையே சார்" என்றார் மெக்கானிக். "குளிர் சேந்ததும் தானா நின்னுடும். குறைஞ்சா மறுபடி ஓடும். தகட்டுல போட்டிருக்கிறதை இருபத்து நாலால பெருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்திருக்க வேண்டியதுதான். நாலு தெருவுக்கும் கணக்குச் சொன்னவர், ஒன்றரை வருஷம் அதன் பக்கத்தில் நடந்து போயும் அது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு நாள் காது கொடுத்ததில்லை. பழைய பில்கள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பக்கத்துலயே நிக்கிறவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் கம்முனு கிடக்கும். பில்லையும் பாத்தேன். மாசத்துக்கு நாப்பத்தஞ்சு, அம்பது யூனிட்டுதான் ஏறியிருந்துச்சு."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லலை?"

மனைவி ஒரு சட்டையை உதறி மடித்தார். "எங்க அண்ணன் முன்னாடி உங்க வேலையை உங்களுக்கே சொல்லிக்கொடுக்கணுமா? அதுக்கப்புறம் நீங்க அவர் மூஞ்சியில முழிக்க வேணாமா?"

சபையில் மனைவியிடமிருந்து அவர் பறித்த மதிப்பை, அதே சபையில் அவருக்காக மனைவி விட்டுக்கொடுத்திருக்கிறார்.

சற்று நேரம் கழித்து மச்சானுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தி மேசை மேல் வைத்தார்.

"மச்சான், அன்னைக்கு ஃப்ரீசருக்கு நான் ஒரு கணக்குப் போட்டேனே, அது தப்பு."

"எந்தக் கணக்கு மாப்ளே?"

"சாப்பிட வந்தப்போ சொன்னேனே."

"ஞாபகம் இல்லையே. என்ன சொன்னீங்க?"

மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. வாட், மணி, யூனிட் எல்லாம் சொன்னார். கரண்டை விக்கிறா என்று தான் சொன்னதையும் சொன்னார். அந்தப் பக்கம் மச்சானுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க மாப்ளே."

"சிரிக்காதீங்க மச்சான். இன்னும் முடிக்கலை" என்றார் அவர்.

மனைவி துணியை வைத்துவிட்டு எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டார். அவர் அதன் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உட்காராமல், நின்றபடியே மீதியையும் சொல்லி முடித்தார்.