வெள்ளை மாடு

ரூவிம்போவுக்கு அந்த மியூசியத்தில் இறங்கவே இஷ்டமில்லை. ஹராரேயில் கிளம்பி இரண்டு நாளாக டெண்ட், சட்டி, கரி மூட்டையோடு சிமானிமானி மலைக்குப் போகிறார்கள். வழியில் எங்கேயும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. இங்கே மட்டும் தலை வலிக்கிறது என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மூனாஷேயின் அக்கா ஷூவாய் கேட்டால்தானே? கேனில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அப்படியே உள்ளேயும் ஒரு பார்வை பார்த்தால் என்ன குறைந்துபோகும் என்று முதல் ஆளாக இறங்கிவிட்டாள். மூனாஷே சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்தச் சாவிக்காக அக்காவும் தம்பியும் வழியெல்லாம் சண்டை. ஷூவாய் பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருந்தும் தன் வண்டியை அவளிடம் கொடுக்க மாட்டான். பெற்ற தாய்க்கே கொடுக்க மாட்டான்.

மூனாஷேக்கும் ரூவிம்போவுக்கும் அடுத்த மாதம் பரிசம். பிரசவ வார்டில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிற அவள், மூன்று வாரமாக ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாள். நாள் குறித்த அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தாள். அவளை வளர்த்து, படிக்கவைத்து, குரங்குக் குலத்தின் புகழ்ப்பாட்டை வரி பிசகாமல் சொல்லிக்கொடுத்த அப்பா, பெற்ற அப்பா இல்லையாம். பெற்றவன் சிப்பிங்கே தேயிலைத் தோட்டத்துக் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பராக இருந்த லாசரஸ் ந்யமாண்டே. அவள் பிறக்கும் முன்பே லாரி விபத்தில் போய்விட்டானாம். அவன் மான் குலம். மூனாஷேயும் மான் குலம். அப்படியென்றால் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளுக்கு அண்ணன் முறை.

"உறவை அறுக்க வெள்ளை மாடு குடுத்துக் கட்டிக்கிட்டவங்களும் இருக்காங்க. ஆனா அந்தக் குடும்பத்தை ஊரே வாயில போட்டு மெல்லும். எவன் குடுப்பான்? பேசாம இரு" என்றாள் அம்மா. இருபத்தொன்பது வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு அது சுலபம்.

அந்தத் தோட்டம் இந்த ஊரிலிருந்து பத்தே கிலோமீட்டர்.

மியூசியம் என்பது பழைய தபாலாபீஸ் கட்டடம்தான். முரம்பா என்ற தொப்பைக்காரர் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்களின் பெயரோடு குலத்தையும் நோட்டில் எழுதாமல் உள்ளே விடமாட்டார். சுவரில் தொங்கும் படங்களின் கீழேயும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார். ரூவிம்போ பழக்கதோஷத்தில் குரங்குக் குலம் என்றதுதான் தாமதம், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் அதே குலம். கூட நிற்பவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று கேட்டதும் பெண்ணுக்கு அப்பாவாகி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளே, மாமனார் வீட்டுல லைட்டுக் கம்பமாட்டம் நிக்கிறே? குந்தி உக்காந்து கை தட்டுய்யா."

மூனாஷேயும் சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து, முறைப்படி கை தட்டினான். அவர் பரிசமாக மாடு மாடாகக் கேட்க, இவன் ஒவ்வொன்றுக்கும் தட்ட, ஒரே கூத்து. ரூவிம்போ முகத்தை மறைக்கச் சுவர்ப்பக்கம் போனாள். போன இடத்தில் ஒரு கால்பந்துக் குழுவின் படம். பின்வரிசையில் கையுறை போட்ட ஒருவன். அவளுடைய அகல நெற்றி, அவளுடைய விடைத்த காது, சிரித்த வாயில் அதே பல் இடைவெளி. கீழே, ல. ந்யமாண்டே, மான்.

நகர்ந்திருக்கலாம். பாழாய்ப்போன கால் நகரவில்லை. அதற்குள் ஷூவாய் பின்னால் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"யாரு இது?"

தாய்மாமன் என்று சொன்னால் போதும். தாய்மாமன் ஜாடை யாருக்கில்லை? வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூனாஷே, அவளுக்கு உறவே இல்லாத ஒருவரை அப்பா முறை என்று நம்பி இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தான். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"என்னைப் பெத்தவரு, அண்ணி. நானும் மான் குலம்தான். மூணு வாரமாத் தெரியும்."

"அண்ணின்னு கூப்பிடாதே" என்றாள் ஷூவாய், மெதுவாக. "அப்படின்னா நான் உனக்கு அக்கா."

கைதட்டல் நின்றது. மூனாஷே எழுந்திருக்கவில்லை. தரையையே பார்த்தபடி இருந்தான். எழுந்து வெளியே போய்விடுவான் என்றுதான் ரூவிம்போ நினைத்தாள். அவன் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மாமா, இன்னொரு மாடு சேத்துக்குங்க. வெள்ளை மாடு."

முரம்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை, அவள் அப்பா வழி ஆட்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

ஷூவாய் வண்டிக்குப் போய், ரூவிம்போ இரண்டு நாளாக உட்கார்ந்து வந்த முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரூவிம்போ பின் சீட்டில் சட்டிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டாள். மூனாஷே வந்து நின்றான். ஜன்னல் வழியாகச் சாவியை அக்கா மடியில் போட்டான்.

"நீயே ஓட்டு. தோட்டத்துக்கா மலைக்கான்னும் நீயே சொல்லு."

பின் கதவைத் திறந்து, பெரிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரூவிம்போ பக்கத்தில் உட்கார்ந்தான். ஷூவாய் சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து வண்டியைக் கிளப்பினாள். முச்சந்தியில் மலைக்கு வலது பக்கம், தோட்டத்துக்கு இடது பக்கம் என்று போர்டு இருந்தது. பின்னால் திரும்பியும் பார்க்காமல் அவள் இடது பக்கம் திருப்பினாள்.