பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு போல்ட்

பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்று எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கம் முதன்முதலாக ஒரு போட்டி வைக்கப்போவதாக 2018 ஜூனில் முடிவானது. சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் அறிவிப்பை நான்தான் எழுதினேன். நான் வேலை பார்க்கும் கூட்டுறவுக் கடையின் வாசற்கதவில் அதை ஒட்டிய மூன்றாம் நாள், ஆர்விட் காங்கஸ் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு ரொட்டியும் காபித்தூளும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இதுல சேர்றதுக்கு துப்பாக்கி முழுசா இருக்கணுமா?"

"முழுசான்னா?"

"போல்ட் இல்ல."

"போல்ட் இல்லாம எப்படிச் சுடுவீங்க ஆர்விட்? வாயாலயே டுமீல்னு சொல்லப்போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. முப்பத்தோரு குளிர்காலம் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி, அந்த ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றிருந்தார். கனடா எல்லையில் கிடக்கும் சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பும் பனி எங்கள் பக்கம் நவம்பரில் விழ ஆரம்பித்தால் ஏப்ரல் வரை நிற்காது. அந்த ஆறு மாதமும் அவர் லாரிக்குள் தனியாக இருப்பார். மீதி ஆறு மாதம் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருப்பார், அப்போதும் ஏறக்குறைய தனியாகத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதிரே வண்டியில் வருகிற எல்லோருக்கும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய குரலைத் தெரியாது, அந்த விரலைத் தெரியும்.

துப்பாக்கியின் கதையை அவர் பிறகு, வெவ்வேறு நாள்களில், துண்டு துண்டாகச் சொன்னார். அது ஃபின்லாந்து ராணுவத்தின் பழைய துப்பாக்கி. தாத்தா பிறந்த நாட்டில் செய்தது என்பதற்காகவே ஆர்விட்டின் அப்பா அதை ஒரு விலைப்பட்டியல் பார்த்துத் தபாலில் வரவழைத்தாராம். ஆர்விட்டும் அவர் அண்ணன் மெல்வினும் அதில்தான் சுடப் பழகினார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா, அதற்கு மேல் கிடையாது. அப்பா இறந்தபின் அது அம்மாவின் துணி அலமாரிக்குள் நின்றது.

2004 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்த பனிப்புயல் நண்பகலிலும் ஓயவில்லை. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மெல்வின் கூடவே இருந்தார். ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலை வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குப் போகும் இரண்டு மைல் கிளைச்சாலையில் இடுப்பளவு பனி. மெல்வின் சாலைத் துறை அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்து, தம்பியை அனுப்பச் சொன்னார். நெடுஞ்சாலையில் பனி தள்ளி முடித்த பிறகுதான் கிளைச்சாலை என்பது விதி. இரண்டரை மணிக்கு அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மெல்வின் எழுந்தார். "ஊருக்கெல்லாம் வழி வெட்டி விட்டவன், அம்மா வாசலுக்கு மட்டும் வரல" என்றார். ஆர்விட் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் அம்மாவின் அலமாரியைக் காலி செய்தபோது மெல்வின் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற உருளை அது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டையும் குழாயும்தான். மிச்சத்தை ஆர்விட் வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு மைல். பதினான்கு வருடம் இருவரும் பேசவில்லை.

ஜூலை முதல் வாரம் ஆர்விட் தன் பெயரைக் கொடுத்தார். ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கும் கஸ் ஹைக்கினன் பழைய சாமான் பெட்டியிலிருந்து வேறொரு போல்ட்டைத் தேடி எடுத்துப் பொருத்தினான். அளவுக்கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே கழற்றினான்.

"இது வேணாம். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இடைவெளி அதிகம். தோட்டாவோட பின்பக்கம் கிழிஞ்சு மூஞ்சியில அடிக்கும்."

"வேற ஒண்ணு தேடிப் பாரேன்."

"தேடலாம். ஆனா உன் துப்பாக்கியோட நம்பர் போட்ட போல்ட் எங்கயோ இருக்குல்ல? அது எங்க இருக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ஊருக்கே தெரியும்."

ஆர்விட் போகவில்லை. மற்ற எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருந்தார். நான் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போய் விதிகளைக் காட்டினேன். குறிமுள் ராணுவம் கொடுத்தபடியே இருக்க வேண்டும், தொலைநோக்கி கூடாது, விறைப்பான போட்டிச் சட்டை கூடாது, இரும்பு உள்ளீடு வைத்த தோட்டா கூடாது. அவர் ஒவ்வொன்றையும் பென்சிலால் கோடிட்டார். துப்பாக்கியின் தோல்வார் காய்ந்து வெடித்திருந்தது. தினமும் காலையில் அதற்கு எண்ணெய் தேய்த்து, வெயிலில் போட்டு, மறுபடி தேய்த்தார். வைத்திருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் காந்தத்தில் காட்டினார். ஒட்டியவை ஒரு டப்பாவில், ஒட்டாதவை ஒரு டப்பாவில். ஒட்டாதவை எழுபத்தொன்று தேறின. தன் வண்டியின் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைக் கழுவி, படுத்துச் சுடுவதற்கான பாயாக வெட்டினார். குழலில் தோட்டா இல்லை என்று காட்ட ஒரு கொடி செருக வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றில் ஒரு சாண் எடுத்து, முனையில் ஆரஞ்சு நிறத் துணியைக் கட்டிக்கொண்டார்.

தகட்டுக் கிளிப்தான் பெரும்பாடு. ஐந்து தோட்டாவைப் பிடித்திருக்கும் அந்தத் தகட்டை வைத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ள வேண்டும். ஒரு தோட்டாவின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டினால் எல்லாம் நின்றுவிடும். வேகப் பிரிவில் பத்துத் தோட்டாவுக்கு எண்பது விநாடி.

ஒரு சாயங்காலம் நான் போனபோது கதவு திறந்திருந்தது. ஆர்விட் கூடத்துத் தரையில் ரப்பர் பாயில் குப்புறப் படுத்திருந்தார். அடுப்பின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து விசையை அழுத்துவார். பிறகு வலது கை எழும்பி, இல்லாத போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கும். மறுபடி விசை. கை காற்றில் போய் வந்துகொண்டே இருந்தது. நான் சத்தம் காட்டாமல் படியிறங்கி, காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு ஹாரன் அடித்தேன்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். என்ன நடந்தது என்பதை மெல்வினின் மனைவி மார்லிஸும் எனக்குச் சொல்லியிருக்கிறாள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

மார்லிஸ்தான் கதவைத் திறந்தாள். "உள்ள வா ஆர்விட், காபி போடறேன்" என்றாள்.

"இல்ல, நிக்கறேன். மெல்வின் இருக்கானா?"

மெல்வின் கொட்டகையில் படகின் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். தம்பியைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"யார் செத்தா?"

"யாரும் சாகல."

"அப்புறம்?"

"சனிக்கிழமை ஒரு போட்டி. போல்ட் வேணும்."

"பதினாலு வருஷம் கழிச்சு வந்து நிக்கற, போல்ட்டா வேணும் உனக்கு?"

"ஆமா."

மெல்வின் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆர்விட் அங்கேயே நின்றார். வாசல்படியில் நின்றிருந்த மார்லிஸ், அவர் போய்விடுவார் என்றே நினைத்தாளாம். ஆனால் அவர் பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அம்மாவுக்கு முடியலன்னு லாரி ரேடியோல சொன்னாங்க. நெடுஞ்சாலைய விட்டு வரக்கூடாதுன்னாங்க. நான் ஒண்ணு பத்துக்குத் திருப்பிட்டேன். நம்ம ரோட்டுக்குள்ள வந்தேன் மெல்வின். மர அறுவை மில் வளைவுல லாரி பள்ளத்துல இறங்கிடுச்சு. இறங்கி நடந்தேன். கையே தெரியல. எவ்வளவு தூரம் போனேன்னு தெரியாது. திரும்பி வந்து லாரியில உக்காந்தப்போ ரேடியோல சொல்றாங்க, எல்லாம் முடிஞ்சுதுன்னு."

மெல்வின் கையில் இருந்த ஸ்பேனர் அசையவில்லை.

"மேஸ்திரி வந்து இழுத்து விட்டாரு. வெளிய சொன்னா என் வேலையும் போகும், அவர் வேலையும் போகும்னாரு. அவருக்கு மூணு பிள்ளைங்க. போன வருஷம் அவரும் போயிட்டாரு."

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே. எழுந்து நின்னு பேசின. கேக்கல."

மெல்வின் எழுந்து கொட்டகையின் உள்பக்கம் போனார். தகரப் பெட்டி ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. எண்ணெய் ஊறிய ஃபிளானல் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து, தம்பியின் கையில் வைத்தார். ஆர்விட் பிரித்துப் பார்த்தார். ஒரு புள்ளி துரு இல்லை. துணியும் புதிது.

"திரும்பக் கொண்டு வந்து குடுத்துடணும்" என்றார் மெல்வின். "உன்னுதுன்னு நினைச்சுக்காத."

"ஞாயித்துக்கிழமை கொண்டாரேன். நீ வந்து பாக்கறியா?"

"மோட்டார் வேலை இருக்கு."

ஆர்விட் காபி குடிக்காமலே கிளம்பினார்.

வியாழக்கிழமை எங்கள் மைதானத்தில் தனியாக இருபது தோட்டா சுட்டுக் குறி சரிபார்த்தார். ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் நூறு கெஜம் நடந்து போய்ப் பார்த்து, நடந்து வந்து, குறிமுள்ளை எந்தக் கோட்டில் வைத்தார் என்பதைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அந்தப் பழைய தோட்டாக்களின் மருந்து உப்பு கக்கும், விட்டால் ஒரே வாரத்தில் குழலைத் தின்றுவிடும்.

சனிக்கிழமை இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பலர் குடும்பத்தோடு, மடக்கு நாற்காலிகளோடு. விசை சட்டென்று விழுந்துவிடாதா என்று சோதிக்கும் எடையை ஆர்விட்டின் துப்பாக்கியில் நான்தான் மாட்டினேன். விசை எடையைத் தூக்கியபடி நழுவாமல் நின்றது. வாகனம் நிறுத்தும் இடத்தை அவர் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். மெல்வினின் வண்டி வரவில்லை.

பக்கத்து இடத்தில் கொலீன் என்ற பெண், மார்க்கெட் என்கிற ஊரில் பல் செட் செய்கிறவள். ஆளுக்கு ஆள் மாற்றி மதிப்பெண் போடுவது எங்கள் வழக்கம். படுத்துச் சுட்ட முதல் பத்தில் ஆர்விட்டுக்கு நூறுக்கு எண்பத்தாறு.

"முதல் போட்டின்னு சொன்னது பொய்தானே?" என்றாள் கொலீன்.

"இல்ல."

"அப்ப வாயத் திறந்து சந்தோஷப்படுங்க. காசா பணமா?"

வேகப் பிரிவில் கிளிப் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தோட்டாவின் விளிம்பு பின்னால் போய்ச் சிக்கியிருந்தது. அவர் பதறவில்லை. கிளிப்பை உருவி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். எண்பது விநாடி முடிந்தபோது எட்டுத்தான் போயிருந்தது. அறுபத்தொன்று. நின்று சுட்டதில் ஐம்பத்தெட்டு. முந்நூறுக்கு இருநூற்று ஐந்து. பத்தொன்பதாவது இடம்.

மதியம் எல்லோரும் மைதானத்துக் கொட்டகையில் கூடியபோது அவரைக் காணவில்லை. தேடிப்போனால் தன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் காகிதம் விரித்து, இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டியைத் தின்றுகொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"அங்க நாற்காலி காலியா இருக்கு ஆர்விட்."

"நான் இங்கயே சாப்பிட்டுப் பழக்கம்."

"தெரியும். வாங்க."

வந்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொலீன் கிளிப்பில் தோட்டாக்களை எந்த வரிசையில் வைப்பது என்று அவருக்குக் காட்டினாள். எல்லோரும் வீட்டுக்கதை பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துப் பார்த்தபோது நாற்காலி காலி. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி போல்ட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே துணியில் சுற்றிக் கொண்டுபோனார். மெல்வின் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு?"

"இருநூத்தஞ்சு."

"ஐநூறுக்கா?"

"முந்நூறுக்கு."

"அப்பா இருந்திருந்தா துப்பாக்கியப் புடுங்கி உள்ள வச்சிருப்பாரு." மெல்வின் துணியை விலக்கி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்தது எப்ப?"

"செப்டம்பர் இரண்டாவது சனி."

"வெள்ளிக்கிழமை வா. நாலு மணிக்கு மேல வா, அதுக்கு முன்னாடி இருக்க மாட்டேன்."

அப்படித்தான் நடந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆர்விட் வெள்ளிக்கிழமை போய் எடுத்துவந்தார், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தார். ஒரு போட்டிக்கு இரண்டு பயணம். ஒவ்வொரு முறையும் வாசலில் நான்கைந்து வார்த்தை. அக்டோபரில் ஒரே ஒருமுறை உள்ளே போய் மார்லிஸின் காபியைக் குடித்தார். மெல்வின் தொலைக்காட்சியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தைத் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை என்றாள் மார்லிஸ். மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போட்டிக்கு வா என்று ஆர்விட் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மெல்வினும் வரவில்லை.

அக்டோபர் கடைசியில் மைதானத்தைப் பூட்டிவிட்டோம். நவம்பர் எட்டாம் தேதி பனி விழுந்தது. இனி மே மாதம்தான் போட்டி. அதுவரை அவருக்கு அந்தப் பன்னிரண்டு மைல் போகக் காரணம் எதுவும் இல்லை.

ஜனவரியில் சங்கத்தின் ஆண்டு உறுப்பினர் அட்டையைப் புதுப்பிப்பதற்காக ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருந்தேன். மற்றவர்களெல்லாம் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். ஆர்விட்டின் எண்ணுக்குப் போட்டதும் முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். புதுப்பிப்பதாகச் சொன்னார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். காந்தத்தில் ஒட்டாத தோட்டா இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தோல்வாரின் ஓட்டையைத் தள்ளிப் போடலாமா என்றார். எங்கள் தெருவில் பனி எவ்வளவு என்றார். வெளியே பனி தள்ளும் லாரி போகிற சத்தம் அவர் பக்கத்திலிருந்து கேட்டது. அது போய் முடியும்வரை நிறுத்தியிருந்துவிட்டு, நின்று சுடும்போது இடது முழங்கையை எங்கே வைப்பது என்று கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.