‘வேண்டாம்’ என்று ஒரு வரி

காலை ஏழு மணி பத்து நிமிடம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் நான் வழக்கமாக ரத்தப் பரிசோதனைக்குப் போகும் லேப். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கவுன்ட்டர் முன் நின்ற ஒரு பெண். தோளில் லேப்டாப் பை. முகத்தில் கோபம்.

பெயர் சுகன்யா. லேபின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கம்பெனியின் இன்ஜினீயர். எதிரே நின்றவர் லேபின் உரிமையாளர் பழனிசாமி.

“மூணு நாளா போன் பண்றேனுங்ணா. ரீஸ்டார்ட் பண்ணியாச்சான்னு கேட்டா, செஞ்சுபோட்டோம்னு சொன்னீங்க.”

“செஞ்சமே அம்மணி!” அவர் ரிசப்ஷன் மேஜையைக் காட்டினார்.

“அது பில் போடற கம்ப்யூட்டருங்ணா. நான் சொன்னது உள்ரூம்ல இருக்கற சர்வர்.”

“அதையா? ரெண்டு வருசமா நிக்காம ஓடுதுங்க. நல்லா ஓடற வண்டிய ஏனுங்க நிறுத்தோணும்?”

“நிக்காம ஓடறதுதானுங்ணா தொந்தரவே.”

ஊசிக்குக் காத்திருந்த எங்களுக்கும் சேர்த்தே சுகன்யா விளக்கினார். சர்வரை இயக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நெட்வொர்க் வழியாக வரும் தகவலை அது வாங்கும் இடத்தில் ஓர் ஓட்டை. வெளியிலிருந்து ஒருவர் பாஸ்வேர்டு இல்லாமலே நுழைந்துவிடலாம். சரிசெய்த கெர்னலை மூன்று நாள் முன்பே அனுப்பி, சர்வருக்குள் ஏற்றியும் ஆகிவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழையதுதான். ஒரு முறை நிறுத்திக் கிளப்பினால்தான் புதியது வேலைக்கு வரும்.

அதுவரை? எங்கள் சர்க்கரை, கொழுப்பு, வீட்டில்கூடச் சொல்லாத சில முடிவுகள் – எல்லாம் பூட்டாத அலமாரியில்.

பழனிசாமியின் பயத்திலும் நியாயம் இருந்தது.

“நிறுத்துனா மறுபடி கெளம்புமுங்களா?”

“கெளம்போணுங்ணா.”

இது அவருக்குப் போதவில்லை. கிளம்பாவிட்டால் அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது.

“ஆகட்டுங்க… பாக்கலாங்க” என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று கோவை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா? முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாத ஊர் நம்முடையது. பிடிக்காத வரனைக்கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டோம் – பழியை ஜாதகத்தின் மேல் போட்டுவிடுவோம். மூன்று நாளாக சுகன்யாவுக்குக் கிடைத்ததும் அதுதான். மறுப்பே இல்லாத மறுப்பு. அதோடு எப்படிச் சண்டை போடுவது?

சுகன்யா பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார்.

“அப்ப, நிறுத்த வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்ணா. நான் கெளம்பறேன்.”

பழனிசாமி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

“ஏனம்மணி… நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?”

“சொல்லவே மாட்டேங்கறீங்க. அதான் எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பழனிசாமி திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை.

“எட்டு மணிக்குள்ள வெறும் வயித்து ரத்தமெல்லாம் எடுத்துருவோம். எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க. அடுத்த ரத்தம் ரெண்டு மணி நேரங் கழிச்சுத்தான். அந்த எடவெளியில பண்ணிக்குங்க.”

இடைவெளி தினமும் இருந்திருக்கிறது. மூன்று நாளில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

எட்டு ஐந்துக்கு சர்வரை நிறுத்தினார்கள். நான் டப்பாவில் கொண்டுபோன இட்லியைக் கூடத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் உள்ரூம் திரை தெரிந்தது. கறுப்பு. மூன்று நிமிடம்… ஐந்து…

“அம்மணி…”

“இருங்ணா.”

சுகன்யா அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏழாவது நிமிடத்தில் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இன்னும் இரண்டு நிமிடம் கழித்து ரிசப்ஷனில் பிரின்டர் ஒரு ரிப்போர்ட்டைத் துப்பியது. பழனிசாமி டீ சொல்லி அனுப்பினார் – எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

டீயைக் குடித்துவிட்டு சுகன்யா சொன்னார்: “உங்க இன்னொரு பிராஞ்ச்லயும் இதே சர்வர்தானுங்ணா. இன்னும் ரீஸ்டார்ட் ஆகலை.”

“அதுக்கென்னுங்க… செஞ்சுபோடலாங்க.”

இதை அச்சுக்கு அனுப்பும் முன் சுகன்யாவுக்குப் போன் செய்தேன். அங்கே இன்னும் ஆகவில்லை என்றார்.

பூட்டாத அலமாரி உள்ள அந்தக் கிளை எந்த ஏரியாவில் இருக்கிறது என்று நான் இங்கே எழுதவில்லை.